வேங்கைமாறனைக் கீறிய கை

உ
பெரியநீலாவணை
11.03.2007

அன்புள்ள ஸமட் நானாவுக்கு,

நிரோஜினி எழுதிக்கொள்வது. தோஹாவில் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறீர்கள், வெயில்தான் உங்களைத் தின்கிறது என்று அங்கிருந்து லீவில் வந்த முகம்மது தம்பி நானா சொன்னார். இங்கே நான் ஒருத்தி சுகமாக இருக்கிறேன்.

யார் இந்த நிரோஜினி என்று தலையைச் சொறிய வேண்டாம். சதீஸின் தங்கச்சி. மருதமுனையில் உங்கள் வாப்பாவின் துணிக்கடைக்குப் பின்னால் நீங்கள் வாடகைப் புத்தகக் கடை நடத்திய காலத்தில், மூக்கொழுக வந்து நின்று வேங்கைமாறன் படக்கதைப் புத்தகம் கேட்டு அழுதவள். அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது இருபத்தெட்டு, மூக்கு நின்றுவிட்டது.

2004 இல் கடல் பொங்கி வந்தபோது அம்மாவும் வீடும் அப்பா விட்டுப்போன தோணியும் ஒரே காலையில் போனதை அறிந்திருப்பீர்கள். உங்கள் வாப்பா ஹமீட் மாமாவும் அன்றுதான் போனார் என்று கேள்விப்பட்டேன். அப்போது ஆளுக்கு ஆள் ஆறுதல் சொல்ல நேரமிருக்கவில்லை. இப்போது சொல்கிறேன், மன்னியுங்கள். எங்களுக்கு மிஞ்சியது சவளக்கடையில் சித்தி வீட்டில் கிடந்த ஒரு தகரப் பெட்டி. அண்ணன் அதைப் பெரிய ஆசையோடு எங்கள் தகரக் கொட்டிலுக்குத் தூக்கி வந்தார்.

பெப்ரவரி 19 விடியற்காலையில் படையினரின் சுற்றிவளைப்பு. பெட்டிக்குள் ஒரு பழைய பள்ளிக் கொப்பி இருந்தது. 1989 இல் இந்தியப் புத்தகங்கள் வருவது தடைப்பட்டபோது வேங்கைமாறன் கதையை நீங்களும் அண்ணனும் தொடர்ந்து எழுதி, படம் கீறி, கடையில் வாடகைக்கு விட்டீர்களே, அந்தக் கொப்பி. வேங்கைமாறன் புலிக்கோடு போட்ட சட்டையோடு பாய்கிறார், பச்சைச் சீருடை போட்டவர்கள் விழுகிறார்கள். அவர் ஒரு இந்தியக் காட்டுக் காவலாளி, விழுகிறவர்கள் மரம் கடத்தும் காட்டிலாகா அதிகாரிகள் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. புலிக்கோடு என்றால் நம் நாட்டில் ஒரே அர்த்தம்தானே. இயக்கத்துக்குப் படம் கீறிக் கொடுத்தவர் என்று அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கள் சட்டத்தரணி குணம் ஐயா, இந்தியாவில் அச்சடித்த வேங்கைமாறன் புத்தகம் ஒன்று கிடைத்தால் வழக்கு உடைந்துவிடும் என்கிறார். கல்முனை முழுக்கத் தேடிவிட்டேன், கடற்கரைப் பக்கம் ஒரு தாளும் இல்லை. உங்களிடம் ஒன்றாவது இருக்குமா? இந்த விசயம் தொலைபேசியில் வேண்டாம் என்று ஐயா சொன்னதால் முகம்மது தம்பி நானாவின் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் போகும்போதும் வரும்போதும் நமக்கு அவர்தான் தபாற்காரர்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
நிரோஜினி


786
தோஹா
27.04.2007

அன்புத் தங்கச்சி நிரோஜினிக்கு,

ஆண்டவன் உனக்குப் பொறுமையைத் தர வேண்டும். நான் அவன் கிருபையால் சுகம். எனக்கு நீ இன்னும் அந்தப் பத்து வயதுப் பிள்ளையாகவே தெரிவதால் நீ என்று எழுதுகிறேன், கோபிக்காதே.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வேலைக்குப் போனேன். நான் இங்கே ஒரு களஞ்சியத்தில் பொருட்களைப் பொறுப்பெடுப்பவன். அன்று எதைப் பொறுப்பெடுத்தேன் என்றே எனக்குத் தெரியாது. உன் அம்மா தங்கரத்தினம் மாமி போன செய்தி அப்போதே கேட்டேன். அந்த வீட்டில் நான் தின்ற மீன்குழம்புக்கு அளவில்லை. சதீஸுக்கு இப்படி வரும் என்று யார் நினைத்தது?

என் கடைப் புத்தகம் எல்லாம் கடலோடு போயிற்று. சவளக்கடையில் என் தங்கச்சி றம்ஸியாவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஏதாவது கிடக்கக்கூடும். அவளுக்குச் சொல்லிவிடுகிறேன், நீ போய்ப் பார்.

ஒன்று கேட்க வேண்டும். விசாரணையில் சதீஸ் என்ன சொன்னான்? படம் கீறியதைப் பற்றி என்ன கேட்டார்கள்? வேறு யாருடைய பெயரையாவது சொன்னானா? வழக்குக்கு உதவும் என்பதால் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

அன்புடன்,
அப்துல் ஸமட்


உ
பெரியநீலாவணை
30.06.2007

அன்புள்ள ஸமட் நானாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். தெற்கே சிறைக்குப் போய் வந்த அலுப்பு. பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் போய், அரை மணித்தியாலம் வரிசையில் நின்று, பத்து நிமிடம் அண்ணனைப் பார்த்தேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் என்னை விசாரிக்கிறார். “சாப்பிட்டயா? ஏன்கா இப்பிடி மெலிஞ்சிற்றாய்?” மனிதர் பாதியாகிவிட்டார், என்னைப் பார்த்து மெலிந்துவிட்டேனாம். நீங்கள் கேட்டதைக் கேட்டேன்.

“வேற ஆர்ர பேரயும் கேட்டவங்களா அண்ணா?”

“கேட்டவங்கதான். நான் ஒருத்தன்தான் எண்டு சொல்லிற்றன். மறுகா மறுகா அதக் கேக்காத.”

நானா, முதல் கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். சுற்றிவளைப்பு நாளில் தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி கொப்பியைப் புரட்டி, “நல்லாத்தான் கீறியிரிக்கு. ஆர் கீறின?” என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அண்ணன் வாயைத் திறக்கு முன்னே நான் முந்திக்கொண்டு, “எங்கட அண்ணன்தான்” என்றேன். பெருமையாகச் சொன்னேன் நானா. சின்ன வயதில் பள்ளிக்கூடம் முழுக்க அப்படித்தானே சொல்லித் திரிந்தேன், அதே வாய் அதே பழக்கத்தில் சொல்லிவிட்டது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

றம்ஸியா அக்கா நெல் மூட்டை அறையைத் தலைகீழாக்கி, வேங்கைமாறன் புத்தகம் நான்கு சேர்த்துத் தைத்த ஒரு கட்டைக் கண்டெடுத்தார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். அதைக் குணம் ஐயாவிடம் ஓடிக் கொண்டுபோனேன். அவர் முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “இது எந்த நாட்டுல, எந்த வருசம் அச்சடிச்சதெண்டு எங்க பிள்ள போட்டிரிக்கு?” என்றார். எங்கும் இல்லை. அந்த விபரமெல்லாம் அட்டையின் உட்பக்கத்தில்தான் இருந்ததாம். நீங்கள்தான் ஒவ்வொரு புத்தகத்திலும் அட்டையைக் கழற்றிவிட்டு, நான்கை ஒன்றாகத் தைத்துத் தடித்த மட்டை போடுவீர்களே. அட்டை இல்லாத புத்தகத்தை இயக்கமே அச்சடித்தது என்று சொல்லிவிடுவார்கள் என்கிறார் ஐயா.

அந்த அட்டைகளை என்ன செய்தீர்கள்? உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
நிரோஜினி


786
தோஹா
15.09.2007

அன்புத் தங்கச்சிக்கு,

காய்ச்சல் விட்டதா? நான் சுகம். நோன்பு தொடங்கிவிட்டது, வேலை நேரம் குறைவு.

அட்டைகளைக் கடைச் சுவரில் ஒட்டினேன். ரோட்டால் போகிறவர்களுக்கு என்ன புத்தகம் வந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமல்லவா? பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தேன். அந்தச் சுவரே இப்போது இல்லை.

என்னோடு வேலை செய்யும் குருசாமி என்பவர் சிவகாசிப் பக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார். வேங்கைமாறன் அச்சான இடத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சதீஸைக் காணும்போது நான் எழுதுவதைச் சொல்லாதே. ஊரில் என் மனைவி பஸ்மினாவிடமும் வேண்டாம், அவள் சும்மா பயப்படுவாள்.

நீ சொன்னது உன் குற்றமில்லை. அதை மட்டும் நம்பு.

அன்புடன்,
ஸமட்


உ
பெரியநீலாவணை
24.02.2008

அன்புள்ள நானா,

நலமா? நான் முன்பள்ளியில் பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டி இருக்கிறேன், மற்றப்படி குறையில்லை. பேசிவைத்த கலியாணம் ஒன்று குழம்பிவிட்டது. புலி வழக்கு உள்ள வீட்டில் பெண் எடுக்க அவர்களுக்குப் பயமாம். போகட்டும், மாப்பிள்ளைக்கும் தலையில் மயிர் இல்லை.

பொங்கல் போய் ஒரு மாதமாகிவிட்டது. குருசாமி அண்ணாச்சி வந்தாரா? உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வழக்குக்கு ஆறு தவணை போய்விட்டது. ஒருநாள் மொழிபெயர்ப்பாளர் இல்லை, ஒருநாள் கொப்பி வந்து சேரவில்லை.

போன மாதம் நடந்ததை எழுதுகிறேன். விசாரணை செய்பவர்கள் அண்ணனிடம் வெள்ளைத் தாளும் பேனையும் கொடுத்து, கொப்பியில் உள்ள மாதிரி ஒன்று கீறிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் கீறியிருக்கிறார். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், முகம் பூசணிக்காய். வேண்டுமென்றே கோணலாகக் கீறி ஏமாற்றுகிறான் என்று அடித்திருக்கிறார்கள். வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. அண்ணனாகச் சொல்லவில்லை, பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

“ஏன் அண்ணா ஒழுங்காக் கீறல்ல? அதையும் இதையும் வச்சுப் பாத்தா, கதைப் புத்தகம் கீறுற கைதானெண்டு விளங்கியிருக்குமே” என்று ஏசினேன். அண்ணன் சிரித்தார். “எனக்கு அவ்வளவுதான் வரும்கா” என்றார். பிறகு உங்களைப் பற்றி அவராகவே, “ஸமட்டத் தேடிப் போகாத. அவன் அவன்ட பிள்ளையளப் பாக்கட்டும்” என்றார். நான் உங்களுக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது. பிறகு ஏன் உங்கள் பெயர் அவர் வாயில் வந்தது?

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். அண்ணன் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவருவார், நான்தான் கீறினேன் என்று காட்டுவார். ஆனால் அவர் கீறிக்கொண்டு இருந்ததை ஒரு நாளாவது நான் கண்ணால் கண்டதில்லை.

எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அந்தப் படங்களைக் கீறியது யார்?

நிரோஜினி


உ
பெரியநீலாவணை
12.07.2008

ஸமட் நானாவுக்கு,

சுகம்தானே? உங்கள் சுகத்தை இப்போது முகம்மது தம்பி நானாவிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. என் கடிதத்தை உங்கள் கையிலேயே தந்ததாகவும், நீங்கள் நின்ற நிலையிலேயே வாசித்ததாகவும் அவர் சொன்னார். ஐந்து மாதம் ஆயிற்று.

வேங்கைமாறன் ஒரு அடியில் எட்டுப் பேரை விழுத்துவார். அவரைக் கீறிய கைக்கு எட்டு வரி எழுத முடியவில்லையா?

நிரோஜினி


786
தோஹா
20.11.2008

அன்புத் தங்கச்சி நிரோஜினிக்கு,

உடம்பு எப்படி என்று கேட்க எனக்கு முகமில்லை. கேட்கிறேன்.

நான்தான் கீறினேன். கொப்பியில் உள்ள அறுபத்திரண்டு பக்கமும் என் கை. கதையும் பேச்சும் சதீஸுடையவை, கோடு என்னுடையது.

என் வாப்பாவை நீ அறிவாய். கடையில் ஒரு பொம்மைப் படம் போட்ட நாட்காட்டியும் தொங்கவிட மாட்டார். உயிருள்ளதைக் கீறுவது எங்கள் மார்க்கத்தில் ஆகாது என்பதில் அவர் உறுதி. புத்தகம் வாடகைக்கு விட்டதையே பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் பின்னேரம் பின்கடையில் பக்கங்களைக் காயப் போட்டிருந்தோம். என் விரலெல்லாம் மை. வாப்பா உள்ளே வந்துவிட்டார்.

“ஆர்ரா இதக் கீறின? உருவம் கீறினவனுக்கிட்ட நாளைக்கு மறுமையில அதுக்கு உசிர் குடுக்கச் செல்லுவாங்க, தெரியுமா?” என்றார். கையில் துணி அளக்கும் இரும்புக்கோல்.

சதீஸ் முன்னால் போய் நின்றான். “நான்தான் மாமா கீறினன். இவன் மைக்குப்பியத்தான் புடிச்சவன்.”

வாப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீ கீறினா அது ஒன்ட பாடு மனே” என்று கோலைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஊரில் சதீஸ்தான் ஓவியன். அவன் வீட்டிலும் அப்படியே சொன்னான், என் வாப்பாவின் காதுக்கு வேறுவிதமாகப் போய்விடக் கூடாது என்பதற்காக. நீ பள்ளியில் பெருமையடித்ததும் எங்களுக்கு வசதியாகவே இருந்தது. பிறகு தொண்ணூறாம் ஆண்டு வந்தது. நம் இரண்டு ஊருக்கும் நடுவே தமிழர், முஸ்லிம் என்று நடந்த கொலைகளை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொப்பி அவனிடம் நின்றுவிட்டது, நான் அதற்குப் பிறகு பென்சிலைத் தொடவில்லை.

உன் முதல் கடிதத்தை வாசித்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். ஒரு முஸ்லிம் கீறிய கதைப்படம் என்றால் வழக்கு நிற்காது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் என்னையும் பிடித்துவிட்டால்? ஊரில் ‘புலிக்குப் படம் கீறிக் கொடுத்த ஸமட்’ என்று ஒரு கதை எழும்பினால் பள்ளிவாசலில் இயக்கம் சுட்டு இறந்தவர்களின் பிள்ளைகள் முகத்தில் நான் எப்படி விழிப்பது? என் இரண்டு மகள்மாரை யார் கேட்டு வருவார்கள்? இப்படியே ஒன்றரை வருடம் நினைத்தேன். அவன் விரலைப் பற்றி நீ எழுதியதற்குப் பிறகு என் விரலைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நான் கோழை, தங்கச்சி.

குருசாமி தேடிவிட்டு வந்தார். வேங்கைமாறன் அச்சடித்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. முதலாளியின் பிள்ளைகள் பழைய புத்தகத்தையெல்லாம் கடதாசி ஆலைக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டார்களாம். தெருவில் பத்துப் பேரைக் கேட்டும் அப்படியொரு வீரனைத் தெரிந்தவர் யாருமில்லை.

ஆகவே புத்தகம் இனி இல்லை. நான்தான் இருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டு எழுது. செய்கிறேன்.

ஸமட்


உ
பெரியநீலாவணை
17.01.2009

ஸமட் நானாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும், எங்களுக்கு நீங்கள் தேவை.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உங்களைத் திட்டிய திட்டை எழுதினால் முகம்மது தம்பி நானா சுமக்க மாட்டார். மூன்று நாள் திட்டினேன். நான்காம் நாள் எனக்கு என் வாய் நினைவுக்கு வந்தது. நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள், நான் சொல்லிவிட்டேன். இரண்டும் சேர்ந்துதான் அவர் உள்ளே இருக்கிறார்.

அண்ணனிடம் போய் எல்லாம் தெரியும் என்றேன். முதலில் கோபப்பட்டார். “ஸமட்டுக்கு ரெண்டு பொம்புளப் பிள்ளையள். அவன இழுத்து விட்டா அந்தக் குடும்பமே நாசம். எனக்கு ஆர் இரிக்கா?” என்றார். நான் முன்னால்தான் நிற்கிறேன், நானா. என்னைப் பார்த்துக்கொண்டே அப்படிக் கேட்டார். திரும்பி வரும்போது அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட வலித்தது.

அவர் அறையில் இப்போது பதினேழு பேர். பொழுது போக அவர்களுக்கு வேங்கைமாறன் கதை சொல்கிறாராம். இந்தியாவில் வந்தது எல்லாம் முடிந்து, நீங்கள் இருவரும் செய்ததும் முடிந்து, இப்போது புதிதாகக் கட்டிச் சொல்கிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் பழைய முகமாக இருந்தது.

குணம் ஐயா துள்ளிக் குதித்தார். உள்ளதை உள்ளபடி எழுதித் தூதரகத்தில் சத்தியக்கடதாசி முடித்து அனுப்பச் சொன்னார். கூடவே அதே கை என்று காட்ட ஒரு படம், ஒன்றே போதும். பிறகு நீங்கள் நேரில் வந்து நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டு போகிறது, முடிந்தபின் என்னவெல்லாம் மாறுமோ தெரியாது, கெதியாக எடுங்கள் என்கிறார்.

பார்த்திருக்கிறேன்.

நிரோஜினி


786
தோஹா
08.06.2009

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் சதீஸும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். சண்டை முடிந்ததை இங்கே தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் விடுதியில் சிலர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள், சிலர் போர்வையை மூடிக்கொண்டு படுத்தார்கள். நான் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. கடவுச்சீட்டு முதலாளியிடம், லீவு கேட்டால் ஆளை மாற்றிவிடுவேன் என்கிறார். கெஞ்சி நவம்பருக்கு வாங்கிவிட்டேன். சத்தியக்கடதாசி ஏப்ரலிலேயே முடித்துக் கைவசம் இருக்கிறது. பஸ்மினாவுக்கும் சொல்லிவிட்டேன். தொலைபேசியில் அழுதாள். அழுது முடித்து, “அந்தப் புள்ளைக்கு வாப்பாவும் இல்ல, உம்மாவும் இல்ல. வந்து உள்ளதச் செல்லுங்க. மத்தத அல்லாஹ் பாப்பான்” என்றாள். பத்தொன்பது வருடத்தில் எனக்கு நெஞ்சு லேசான நாள் அதுதான்.

இனி இருப்பது படம் மட்டும். கை பழைய கையாக இல்லை, தங்கச்சி. வேங்கைமாறனின் பாய்ச்சலில் முழங்கால் சரியாக வர வேண்டும், அதில்தான் என் கை தெரியும். இப்போது கீறினால் வேறு யாரோ கீறியது போல இருக்கிறது. அதைக் கொடுத்தால் சதீஸ் கீறியது போல இதையும் தள்ளிவிடுவார்கள். கொப்பியின் கடைசிப் பன்னிரண்டு பக்கத்தை நினைவிலிருந்து அப்படியே திரும்பக் கீறுகிறேன். முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஸமட்


786
தோஹா
12.09.2009

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம், சுகத்துக்குத் துஆ.

பன்னிரண்டு பக்கமும் முடிந்தது. முழங்கால் வந்துவிட்டது! சத்தியக்கடதாசியோடு ஒரே உறையில் முகம்மது தம்பியிடம் கொடுக்கிறேன், பெருநாள் முடிந்து வருகிறார். நவம்பர் 6 இல் நான் ஊரில் நிற்பேன். சதீஸைக் கண்டதும் முதலில் என்ன கதைப்பது என்றுதான் தெரியவில்லை. நீ வழக்கம்போல் ஏதாவது சொல்லிச் சிரிக்க வை.

உன் நானா,
ஸமட்


உ
பெரியநீலாவணை
04.10.2009

அன்புள்ள ஸமட் நானாவுக்கு,

நீங்களும் பஸ்மினா அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். மனமாரத்தான் எழுதுகிறேன். நான் சுகம்.

உங்கள் உறை செப்டம்பர் 28 ஆம் திகதி என் கைக்கு வந்தது. வழக்கு 25 ஆம் திகதி முடிந்துவிட்டது.

சண்டை முடிந்த பிறகு புதிய வழி ஒன்று திறந்திருக்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரு வருடம் புனர்வாழ்வு முகாம், அதற்குப் பிறகு வீடு. ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கு நடக்கும், எத்தனை வருடம் என்று கடவுளுக்கும் தெரியாது. அண்ணன் அறையில் இருந்த பதினேழு பேரில் பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஸமட் நானாவின் கடதாசி வரும், கொஞ்சம் பொறுங்கள் என்று நான் அண்ணனிடம் கெஞ்சினேன். “எட்டு மாசமா வருதுதானேகா” என்றார். உங்களைக் குறையாகச் சொல்லவில்லை. களைத்துப்போன மனிதர் சொல்வது போலச் சொன்னார். குணம் ஐயாவும், கையில் இல்லாத கடதாசியை வைத்து நான் எப்படி வேண்டாம் என்று சொல்வது என்றார்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அண்ணன் எழுந்து நின்று, “ஓம், நான்தான் கீறினன். இயக்கம் கேட்டுத்தான் கீறினன். வேங்கைமாறன் இயக்கத்தாள்தான்” என்று சத்தியம் பண்ணிச் சொன்னார். அதைச் சிங்களத்தில் எழுதினார்கள், அண்ணன் மடங்காத விரலோடு ஒப்பம் வைத்தார். பிறந்த நாட்டில் யாருக்கும் தெரியாத வேங்கைமாறன் இப்போது எங்கள் நாட்டு நீதிமன்றப் பதிவில் புலியாக இருக்கிறார்.

உங்கள் சத்தியக்கடதாசியைக் குணம் ஐயாவிடம் கொண்டுபோனேன். வாசித்து முடித்து மேசையில் கவிழ்த்து வைத்தார். “இத நான் காணல்ல, நீ காட்டவும் இல்ல பிள்ள. இது வெளிய வந்தா உன்ட அண்ணன் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவர். முதலில இருந்து தொடங்குவாங்க, அதோட ஸமட்டயும் தேடுவாங்க” என்றார்.

படங்களைப் பார்த்தேன். முழங்கால் மட்டுமல்ல நானா, எல்லாம் அப்படியே இருந்தன. பத்து வயதில் பார்த்த அதே வேங்கைமாறன். இதில் ஒன்றை மட்டும் ஏப்ரலில் அனுப்பியிருந்தால் என்று ஒருமுறை நினைத்தேன், இனி நினைக்க மாட்டேன் என்று எனக்கே சத்தியம் பண்ணிக்கொண்டேன். நீங்களும் நினைக்க வேண்டாம். முழங்காலுக்காகக் காத்திருந்ததும் அவர் மேல் வைத்த பிரியம்தான் என்று எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும் கோபம் போகவில்லை, அதையும் உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அடுப்பு மூட்டி முதலில் சத்தியக்கடதாசியை வைத்தேன். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் பன்னிரண்டையும் வைத்தேன். கடைசிப் பக்கத்தை வைக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் கையில் பிடித்திருந்தேன், பிறகு அதையும் வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் உங்களிடம் உள்ள என் மற்றக் கடிதங்களையும் நீங்கள் அப்படியே செய்ய வேண்டும்.

நவம்பரில் ஊருக்கு வாருங்கள், பஸ்மினா அக்காவுடனும் பிள்ளைகளுடனும் சந்தோசமாக நின்றுவிட்டுப் போங்கள். எங்கள் பக்கம் வர வேண்டாம். அண்ணன் வெளியே வந்த பிறகும், நாங்கள் சொல்லி அனுப்பும் வரைக்கும் வர வேண்டாம். எங்களை ரோட்டில் கண்டால் சுகம் கேட்டுவிட்டுப் போங்கள், அது போதும்.

யாராவது உங்களிடம் கேட்டால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், நானா. உங்களுக்குப் படம் கீறத் தெரியாது.

இப்படிக்கு,
நிரோஜினி